ஒலிக்காத கட்டைகள்

அத்தியாயம் 14

லூசியின் கை வெறும் ஸ்டூலுக்குள் துழாவிக்கொண்டிருந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். துரை பங்களாவில், பியானோ ஸ்டூலின் மூடிக்குக் கீழே அவள் ஒளித்து வைத்திருந்த ஏட்டைக் காணவில்லை. ஒரு வருஷத்து உழைப்பு. வேறு பிரதி கிடையாது.

அது எங்கே போயிற்று என்பது புதன்கிழமை காலையில் தெரிந்தது. ஏப்ரல் இருபத்தெட்டு; சப்பான்காரன் கணக்கில் 2603-ஆம் வருஷம். ஆபீஸ் கடிகாரம் எட்டு அடித்தது. அதைத் தோக்கியோ நேரத்துக்குத் திருகி வைத்திருந்ததால், வெளியே வெளிச்சம் என்னவோ ஆறரைக்கு உரியதாகத்தான் இருந்தது.

பங்களாவில் சமையல் செய்யும் ஐயாசாமி வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"அமலோற்பவம்மா! உங்க பெரியவன் பேரு அச்சுல வந்திருக்கு. நிப்பொன் துரை குடுக்கச் சொன்னாரு."

கையில் ஒரு கெட்டி அட்டை. நாளை வியாழக்கிழமை சக்கரவர்த்தியின் பிறந்த நாள். குளுவாங் டவுனில் நடக்கப்போகும் கச்சேரியின் நிகழ்ச்சிநிரல் அது. ஒரு பக்கம் நிப்பொன் எழுத்து, மறுபக்கம் மலாய். மரவள்ளிக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை ஈரமாக இருந்ததால் லூசிதான் அதை வாங்கிக்கொண்டாள்.

ஏழாவது வரியில் அவள் கண் நின்றது. 'தனிப் பியானோ: எழும் சூரியன். இயற்றியவர்: யூஜின்.'

அண்ணன் யூஜின் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது. அப்பா பெரிய கிராணியாக இருந்த அதே தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி.

"அண்ணே, இது என்ன?"

"எது?"

"ஏழாவது நம்பர்."

யூஜின் ஒரு கன்னத்தில் நுரையோடு திரும்பினான். "அலாமாக்! அதுக்குள்ள அச்சடிச்சிட்டானுங்களா? பரவாயில்லையே, எழுத்து நல்லா வந்திருக்கு."

"எழுத்து நல்லா வந்திருக்கா? என் ஏட்டை எடுத்தது நீங்கதானா?"

"எடுத்தேன்னா, திருடினேன்னா அர்த்தம்? வீட்டுப் பொருளுதானே."

லூசிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. வீட்டுப் பொருள்! கொடியில் காய்கிற துண்டும் கொல்லையில் கிடக்கிற அம்மியும் போல அதுவும் ஒன்றா?

அந்த ஏடு எப்படி உண்டானது என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

தம்பி டெஸ்மண்ட் சிங்கப்பூர்க் கல்லூரியில் பௌதிகம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது சப்பான்காரன் குண்டு விழுந்து கல்லூரி மூடியது. சிம்பாங் ரெங்கத்திலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்துக்கு அவன் திரும்பியபோது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது. அதில் நூல் சிதறியது போல ஏதேதோ கோடுகள்.

"இதெல்லாம் அணுவை விடச் சின்னதுங்க, அக்கா. யாரும் பார்த்ததில்லை. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஈர ஆவியை அடைச்சு வச்சா, அதுக்குள்ள அது ஓடின வழி மட்டும் வெள்ளையாத் தெரியும். ஆளைப் பார்க்க முடியாது. தடத்தைத்தான் பார்க்கலாம்" என்றான் டெஸ்மண்ட்.

லூசி அந்தக் கோடுகளை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைக்கார துரையின் மகள்களுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவள் அவள். துரை கப்பலேறிவிட்டார், பியானோ பங்களாவிலேயே தங்கிவிட்டது. புதிதாக வந்த நிப்பொன் துரையின் விருந்தாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டினால் மற்ற நாட்களில் மத்தியானம் ஒரு மணி நேரம் தொட விடுவார்.

காகிதம் கிடைக்காத காலம். கூலிகளின் வருகையைப் பதியும் பழைய செக்ரோல் தாள்களின் பின்பக்கத்தில், அப்பாவின் ரூல்தடியை வைத்து மேல்நாட்டுச் சுரம் எழுதும் முறைப்படி ஐந்து ஐந்து கோடாகப் போட்டாள். நூற்றுக்கணக்கான தடவை போட்டுப் போட்டு, ஐந்தாவது கோடு விழாமல் அவள் கை நிற்காது என்ற அளவுக்கு வந்துவிட்டது.

நாலு துண்டுகள் எழுதினாள். முதலாவது ஆல்பா. கனமானது, கொஞ்ச தூரமே ஓடி நிற்பது. இடது கைக்கு மட்டும். இரண்டாவது எலெக்ட்ரான், வலது கையில் மெல்லிசாக வளைந்து வளைந்து போவது. மூன்றாவது, ஒரே புள்ளியில் பிறந்து ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சுருண்டு பிரியும் இரட்டை. ஒரே கட்டையில் இரண்டு கையும் தொடங்கி, ஒன்று மேலே ஏற ஏற மற்றது அதே அளவுக்குக் கீழே இறங்கும்.

நாலாவது நியூட்ரான். அதுதான் அவளை ஐந்து மாதம் அலைக்கழித்தது.

"அதுக்குத் தடமே கிடையாது" என்று டெஸ்மண்ட் சொல்லியிருந்தான். "வரும், போகும், ஒண்ணும் தெரியாது. எதையாவது போய் முட்டினா, முட்டு வாங்கினது ஓடும். அதை வச்சுத்தான் இது வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்."

சத்தமில்லாத ஒன்றைப் பியானோவில் எப்படி எழுதுவது? பங்களாப் பியானோவின் கால்மிதி துருப்பிடித்து அறுந்து போனதால், சுரத்தை நீட்ட வேண்டுமானால் விரலாலேயே கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவளுக்கு வழி கிடைத்தது. நாலைந்து கட்டைகளைச் சுத்தியல் தந்தியில் படாதபடி மெதுவாக, மிக மெதுவாக அழுத்த வேண்டும். ஒன்றும் ஒலிக்காது. பிறகு அடியில் ஒரு கட்டையை ஓங்கித் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தட்டிய சத்தம் நின்றுவிடும். தட்டாத தந்திகள் தாமாகப் பாடும். அந்த ஊமைக் கட்டைகளை ஏட்டில் வெறும் சதுரங்களாக, உள்ளே மை வைக்காமல் குறித்தாள்.

அதற்குத்தான் இப்போது எழும் சூரியன் என்று பெயர். இயற்றியவர் யூஜின்.

"நாலு வருஷம் நீங்க கன்னியாஸ்திரி மதர்கிட்ட பியானோ படிச்சதோட சரி" என்றாள் லூசி. "கோயில்ல ஞானப்பாட்டு வாசிக்கறதோட உங்க சங்கீதம் முடிஞ்சு போச்சு. நீங்க இயற்றினீங்களா?"

"மெதுவாப் பேசு. ஐயாசாமி இன்னும் படி எறங்கல."

"ஏன் மெதுவாப் பேசணும்? அச்சடிச்சு ஊருக்கே குடுத்திருக்கீங்க!"

உள்ளறையிலிருந்து டெஸ்மண்ட் வந்தான். அட்டையைப் படித்ததும் அவன் முகமும் மாறியது. யூஜின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சரி, சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை சயாம் காட்டுல ரயில் பாதை போடுறதுக்கு ரெண்டாவது லாரி போவுது. லிஸ்டுல டெஸ்மண்ட் பேரு இருக்கு."

கிழங்குத் துருவல் பாத்திரம் அம்மாவின் மடியிலிருந்து நழுவி உருண்டது.

"பிரசார இலாகாக்காரன் உள்ளூர் ஆள் எழுதின பியானோப் பாட்டு வேணும்னு கேட்டான். கலைக்குழுவுல சேர்ந்தா கையில பட்டை கட்டிக்கலாம், ஊர் ஊரா வாசிக்கப் போகலாம், ரயில் வேலைக்குக் கூப்பிட மாட்டான். எழுதினவருக்கு ஒரு உதவியாளும் வச்சுக்கலாம். டெஸ்மண்டை அப்படிப் போட்டுட்டேன். இன்னைக்கு மூணு மணிக்கு அதிகாரி பங்களாவுக்கு வந்து கேக்கிறான். அவனுக்குப் பிடிச்சாப் போதும்."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே, அண்ணே!"

"நீ குடுத்திருப்பே. பொம்பளை எழுதினதுன்னா அவன் வாங்குவானா? அதுவும் ஆல்பா, நியூட்ரான்னு மேல எழுதி வச்சிருக்கே. கெம்பித்தைப் போலீசு கண்ணுல பட்டா சங்கேத எழுத்துன்னு சொல்லி நகத்தைப் பிடுங்குவான்."

"அதனால?"

"அதனால பேரை மாத்தினேன். ரெண்டு பேரையும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் லூசிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்து மூன்று வாரமாகக் கிழங்கு தின்றவன், 'லூசி, இப்படி ஒரு வழி இருக்கு' என்று சொல்லியிருக்கலாம். ஏட்டைக் காணோம் என்று நேற்று அவள் அழுதபோது, கரையான் தின்றிருக்கும் என்று ஆறுதல் சொன்னவனும் இவன்தான்!

"என் பேரைச் சொல்லி அக்காகிட்டேருந்து எடுத்தீங்களா?" என்றான் டெஸ்மண்ட். "வேணாம். நான் சயாமுக்கே போறேன்."

"வாயை மூடு" என்றாள் அம்மா. "போன லாரியில முப்பத்திரண்டு பேரு போனாங்க. ஒருத்தங்ககிட்டேருந்தாவது ஒரு கடுதாசி வந்துச்சா?"

அவள் எழுந்து, பீடத்திலிருந்த ஜெபமாலையை எடுத்து வந்து லூசியின் முன்னால் நீட்டினாள்.

"இதைத் தொட்டுச் சொல்லு. அந்த ஆபீசர் முன்னாடி வாயைத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

"அம்மா, அது என் பாட்டு."

"உன் பாட்டுதான். இவன் என் புள்ளை. பேரு யாருது இருந்தா என்ன?"

பேர் யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் ஒருநாளும் தங்கள் பேரை இழந்தவர்களாக இருப்பதில்லை. லூசி அதைச் சொல்லவில்லை. டெஸ்மண்டைப் பார்த்தாள், ஜெபமாலையைத் தொட்டாள்.

"நீயும் வரணும்" என்றான் யூஜின், குரலைத் தாழ்த்தி. "எனக்குப் பக்கம் புரட்ட ஆளு வேணும்."

பக்கம் புரட்ட!

*

தோக்கியோ மணி இரண்டரைக்கு, மலை மேலிருந்த பங்களாவுக்குக் கிளம்பினார்கள். வெயில் நடு உச்சியில் நின்றது. செம்மண் சடக்குப் பாதையில் யூஜின் முன்னால் நடந்தான், கக்கத்தில் உருட்டிய காகிதச் சுருள். லூசி பத்தடி பின்னால், நிகழ்ச்சிநிரல் அட்டையைத் தலைக்கு மேல் நிழலுக்குப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கூலிகள் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் பேச்சியம்மாள் வாளி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வீரமுத்து முதல் லாரியில் போனவன். மூர்த்தி, ஜெயபாலன் என்று இரண்டு மகன்கள். இருவரும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறார்கள், இருவர் பேரும் வெள்ளிக்கிழமை லிஸ்டில் இருந்தன.

"என்னா தங்கச்சி, மேலேயா?" என்றாள். "ஐயாசாமி சொன்னாரு. சின்னத் தம்பி தப்பிச்சிருச்சாமே."

"இன்னும் இல்லக்கா."

"தப்பிச்சிரும். ஒங்க வீட்டுல பியானா தெரியும். எங்க வீட்டுல தகரடப்பா ஒண்ணு கெடக்கு. அதை நல்லாத் தட்டினா எம்புள்ளைங்களையும் விட்டுருவானா, கேட்டு வாயேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தலைக்கு மேல் பிடித்திருந்த அட்டையை லூசி கீழே இறக்கினாள். காலையிலிருந்து தன் பேருக்காகக் கொதித்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தச் சிரிப்பு கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. யாரோ ஒரு ஊரில் உட்கார்ந்து லிஸ்ட் எழுதுகிறான். இந்தக் குழாயடியில் வாளிகள் குறைகின்றன. எந்தச் சட்டம் இது?

*

அதிகாரி ஒல்லியாக, கண்ணாடி போட்டவராக இருந்தார். சண்டைக்கு முன்னால் தம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்ததாக யூஜின் வழியில் சொல்லியிருந்தான். உடைந்த மலாயில் பேசினார். வாள் மட்டும் உடையாமல் பக்கத்தில் சாய்ந்திருந்தது. மேசை மேல் ஒரு தாள், ஒரு பேனா, ஒரு முத்திரைப் பெட்டி.

இருவரும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்கள். யூஜின் பியானோ முன்னால் உட்கார்ந்தான். லூசி பக்கத்தில் நின்றாள்.

ஆல்பாவைக் கொஞ்சம் தடுமாறி வாசித்தான். எலெக்ட்ரானில் மூன்று இடத்தில் விரல் வழுக்கியது. ஆனாலும் அதிகாரியின் தலை ஆடத் தொடங்கியது. இரட்டையில், ஒரே கட்டையிலிருந்து இரண்டு கையும் பிரிந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தன் பாட்டை முதல் தடவையாக வேறொருவர் கேட்பதை லூசி பார்த்துக்கொண்டு நின்றாள். பெருமையாக இருந்திருக்க வேண்டிய நேரம். தன் வீட்டு விருந்தைத் தெருவில் நின்று பார்ப்பது போல இருந்தது.

நாலாவதுக்காகப் பக்கத்தைப் புரட்டினாள். புரட்டிய கை அப்படியே நின்றது.

ஏட்டை யூஜின் புதுத் தாளில் கிராணிக் கையெழுத்தில் அழகாக நகல் எடுத்திருந்தான். அவள் வெறுமையாக விட்டிருந்த சதுரங்கள் ஒவ்வொன்றிலும், ஒன்று பாக்கி விடாமல், கறுப்பு மை நிரப்பியிருந்தான். பதினைந்து வருஷம் செக்ரோல் எழுதியவன். காலியாக ஒரு கட்டம் கிடந்தால் அவன் கை சும்மா இருக்காது.

"அண்ணே, இது..." என்று அவள் முணுமுணுப்பதற்குள் அவன் பத்து விரலையும் சேர்த்து அடித்துவிட்டான்.

படார் என்று ஒரு சத்தம். மறுபடியும் படார். மௌனமாக இருக்க வேண்டிய இடமெல்லாம் தகரக் கூரையில் தேங்காய் விழுந்தது போல இடித்தது. அதிகாரி முகத்தைச் சுளித்துக் கையைத் தூக்கினார்.

"இது என்ன?" என்றார். "முதல் மூன்றும் எவ்வளவு ஒழுங்கு. இங்கே ஏன் இவ்வளவு இரைச்சல்?"

யூஜினின் காதோரம் வியர்வை இறங்கியது. "பீரங்கி, தூவான்" என்றான். "நிப்பொன் பீரங்கி."

அவளுடைய நியூட்ரான் பீரங்கியாகிவிட்டது. உலகத்திலேயே சத்தம் போடாத ஒன்றுக்காக அவள் ஐந்து மாதம் தேடிய மௌனம், சப்பான்காரனுடைய பீரங்கி!

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தீடா பாகுஸ்" என்றார். நன்றாக இல்லை. "இது ஒரே ஆள் எழுதியதல்ல. ஒருவன் எழுதியிருக்கிறான், வேறொருவன் கெடுத்திருக்கிறான். வேண்டாம்." முத்திரைப் பெட்டியை மூடினார்.

டக் என்ற அந்தச் சின்ன ஓசையில் டெஸ்மண்ட் வெள்ளிக்கிழமை லாரியில் ஏறிவிட்டான்.

"எந்திரிங்க, அண்ணே" என்றாள் லூசி.

"சும்மா இரு."

"எந்திரிங்கன்னு சொல்றேன்ல!"

அவள் குரலில் இருந்த எதுவோ அவனை எழுப்பிவிட்டது. அவள் உட்கார்ந்தாள். ஜெபமாலை நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சொன்னாள், கையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. இடது கையின் ஐந்து விரலையும் கட்டைகளின் மேல் வைத்து மெதுவாக அழுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி புருவத்தை நெரித்தார். வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் அடியில் ஒரு கட்டையை ஓங்கித் தட்டி, உடனே எடுத்தாள்.

தட்டிய சத்தம் செத்தது. யாரும் தொடாத தந்திகள் எழுந்து பாடின. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத, மெல்லிய, நீண்ட ஒலி.

அதிகாரி எழுந்து வந்து பியானோவின் மேல்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அவள் மறுபடியும் செய்தாள். வேறு கட்டைகள், வேறு பாட்டு.

"சியாப்பா பூவாட்?" யார் செய்தது?

லூசி யூஜினைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சாயா" என்றாள். நான். இனி அம்மாவிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம்.

அதிகாரி திரும்பிய வேகத்தில் யூஜினின் கன்னத்தில் அறை விழுந்தது. மறு கன்னத்தில் இன்னொன்று. சக்கரவர்த்தியின் பிறந்த நாளுக்குப் பொய்ப் பேர் கொடுத்தாயா என்று கத்தினார்.

யூஜின் அசையாமல் நின்றான். லூசி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். காலையிலிருந்து அவளே அவனை நாலு அறை விட நினைத்தவள்தான். ஆனால் அவனை அறைய இவன் யார்? அவனைத் திட்டும் பாத்தியதை அவளுக்குத்தான் உண்டு. கடல் கடந்து வந்தவனுக்கு இல்லை.

"அடிக்காதீங்க" என்றாள் தமிழிலேயே. தொனி எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். அதிகாரியின் கை பாதியில் நின்றது.

அவர் போய் உட்கார்ந்து, மேசை மேலிருந்த தாளைக் கிழித்துப்போட்டு, புதுத் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். கலைக்குழுப் படிவம். அச்சில் இரண்டே கோடு.

"உண்மைப் பேர் எழுது. முதல் கோட்டில் இயற்றியவர். இரண்டாவதில் உதவியாள் ஒருவர். உங்கள் வீட்டு ஆண்களில் ஒருவனுக்குத்தான் இனி இடம். மற்றவன் வெள்ளிக்கிழமை போகட்டும்."

"மற்றவனா?" லூசிக்கு விளங்கவில்லை. லிஸ்டில் தங்கள் வீட்டிலிருந்து டெஸ்மண்ட் ஒருவன்தானே. பிறகு மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். "உங்க பேருமா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"ஆபீஸ்காரனையே அனுப்புறானுங்கன்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" அவன் கன்னத்தில் விரல் அடையாளம் சிவந்து எழும்பியிருந்தது. "எழுதினவன்னு ஒரு பேரு, உதவியாளுன்னு ஒரு பேரு. ரெண்டு பேரும் தப்பிக்க அது ஒண்ணுதான் வழின்னு நெனச்சேன். லிஸ்டுல பொம்பளைங்க பேரு கிடையாது. ஒன் பேரைப் போட்டா ஒரு இடம் வீணாப் போகும்." படிவத்தை நோக்கிக் கை காட்டினான். "டெஸ்மண்ட் பேரை எழுதிடு."

"அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

அவன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினான்.

லூசி பேனாவை எடுத்தாள். முதல் கோட்டில் தன் பேரை நிதானமாக, ஓர் எழுத்தும் சுருக்காமல் எழுதினாள். அந்தப் பேருக்காகக் காலையிலிருந்து எரிந்த எரிச்சல் எல்லாம் இப்போது எங்கே போனது? இரண்டாவது கோட்டில் டெஸ்மண்ட். அதற்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது. நிறைய இடம். ஒரு சாண் காகிதத்தில் இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு, ஏன் இரண்டே கோடு? இதை அச்சடித்தவனுக்கு மூன்றாவது கோடு போட மையா தீர்ந்துவிட்டது?

கையில் ரூல்தடி இல்லை. நிகழ்ச்சிநிரல் அட்டை இருந்தது. யூஜின் இயற்றியது என்று அச்சடித்த அதே அட்டையைத் தாளின் மேல் சாய்த்து, அதன் ஓரத்தை ஒட்டி மூன்றாவது கோட்டைப் போட்டாள். யூஜின் என்று எழுதினாள்.

அவள் கை நிற்கவில்லை. நாலாவது கோடு விழுந்தது, ஐந்தாவதும் விழுந்தது. ஐந்து கோட்டுக்குக் குறைந்து நிற்க அந்தக் கைக்குத் தெரியாது. இரண்டு வெறும் கோடுகளை அவள் ஒரு கணம் பார்த்தாள். குழாயடியில் கேட்ட சிரிப்பு காதில் விழுந்தது. மூர்த்தி, ஜெயபாலன் என்று எழுதி முடித்து, தாளைத் திருப்பித் தள்ளினாள்.

அதிகாரி ஒவ்வொரு கோடாக விரல் வைத்து எண்ணினார். வாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"பியானோ ஒன்று" என்றார் கடைசியில். "ஆள் ஐந்தா? இது தனிப் பியானோ."

"எல்லாருக்கும் வேலை இருக்கு" என்றாள் லூசி மலாயில். கோபத்தில் வந்த சொல். என்ன வேலை என்று அவளுக்கே தெரியாது.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் சிரிப்பா சினமா என்று சொல்ல முடியவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முத்திரை குத்தவில்லை.

"நாளை காலை பத்து மணி. குளுவாங். என் மேலதிகாரி முன்வரிசையில் இருப்பார். ஐந்து பேரும் மேடையில் இருக்க வேண்டும். ஒருவன் வெறுமனே நின்றாலும் நான்கு ஆண்களும் அங்கிருந்தே லாரியில் ஏறுவார்கள். அதன்பின் நீயும் பியானோவைத் தொட முடியாது."

*

இருவரும் இறங்கி நடந்தார்கள். பாதி வழியில் யூஜினுக்குத் தாங்கவில்லை.

"பைத்தியமா ஒனக்கு? பால்வெட்டுற பயலுங்களைப் பியானோவுக்கு எழுதி வச்சிருக்கே! ஒருத்தனுக்காவது ஒரு சுரம் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன கிழிச்சீங்க? பீரங்கி!"

அவன் அடங்கினான். சற்றுத் தூரம் போனதும், "இங்க் பத்தாம நீ பாக்கி விட்டுட்டேன்னு நெனச்சேன்" என்றான் சின்னக் குரலில். "நான் நிரப்பினா நல்லா இருக்கும்னு நெனச்சேன், லூசி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது. கோபம் குறையவும் இல்லை. அவன் கையிலிருந்த சுருளைப் பிடுங்கி விரித்தாள். கறுத்துப்போன சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு விரல். ஐந்து விரலுக்கு மேல் தன் இடது கையில் இல்லையே என்று எத்தனை மத்தியானம் சலித்திருக்கிறாள். இன்னும் பத்துத் தந்திகள் திறந்திருந்தால், இன்னும் இருபது...

நடந்துகொண்டிருந்தவள் சடக்கின் நடுவில் நின்றுவிட்டாள்.

நாலு ஆண்கள். ஊமைக் கட்டைகளைப் பிடிக்க எட்டுக் கைகள். தட்டுவது அவள் ஒருத்திதான். அதனால் அது தனிப் பியானோவேதான்.

பிறகு அவள் நடக்கவில்லை, ஓடினாள். பேச்சியம்மாள் இன்னும் குழாயடியில்தான் இருந்தாள்.

"அக்கா! மூர்த்தியையும் ஜெயபாலனையும் உடனே எங்க வீட்டுக்கு அனுப்புங்க. கையை நல்லாக் கழுவிட்டு வரட்டும். சாப்பாட்டு மேசையிலேயே கட்டை வரைஞ்சு பழக்கணும். நாளைக்குக் காலையில பியானோவுக்கு வேணும்."

பேச்சியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தாள்.

"என்னா தங்கச்சி விளையாடுறே? அவனுங்க பியானாவைக் கண்ணால பார்த்ததில்லையே. என்னா தெரியும் அவனுங்களுக்கு?"

"சத்தம் வராம ஒண்ணை அழுத்திப் புடிச்சுக்கிட்டு நிக்கத் தெரியுமா?"

பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். மலை மேலிருந்த பங்களாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தத் தோட்டத்துல பொறந்து வளந்தவனுங்க, தங்கச்சி" என்றாள். "வேற என்னா தெரியும்?"